ஹெம்ப் ரகங்களை எந்த நாளில் ஒப்பிடுவது? உதவி தேவை

அனைவருக்கும் வணக்கம். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில், வில்லமெட் பள்ளத்தாக்கிலுள்ள ஒரு பண்ணையில், போதை தராத சி.பி.டி. சேர்மத்துக்காக லிஃப்டர், செர்ரி வைன் என்னும் இரண்டு ஹெம்ப் (போதை மிகக் குறைந்த கஞ்சா இனப் பயிர்) ரகங்களை அருகருகே வளர்த்து வருகிறேன். எது மேலானது என்று முடிவு செய்ய முடியவில்லை.

ஜூன் தொடக்கத்தில் நட்டோம். மண், சொட்டுநீர், உரம், இடைவெளி எல்லாம் ஒன்றே. ஆனால் பகல் குறையத் தொடங்கியதும் ஒரு ரகம் முந்திப் பூக்கிறது, மற்றது பிந்துகிறது. ஒரே நாளில் மாதிரி எடுத்தால் முந்திப் பூத்ததில் சி.பி.டி. கூடுதலாக இருக்கிறது, அதே செடியில், போதை தரும் டி.எச்.சி. சேர்மத்தின் அமில வடிவத்தை 0.877 ஆல் பெருக்கிச் சேர்த்த மொத்த டி.எச்.சி.யும் 0.3 விழுக்காடு என்ற சட்ட வரம்பைத் தாண்டிவிடுகிறது. இரண்டும் சேர்ந்தே ஏறுவதால், சி.பி.டி.க்கும் மொத்த டி.எச்.சி.க்கும் உள்ள விகிதம் 25:1 என்று வைத்துக்கொண்டாலும் சி.பி.டி. 7.5 விழுக்காட்டை எட்டும்போதே வரம்பு வந்துவிடும். விதை விளம்பரங்களில் காணும் பெரிய எண்களை நான் நம்புவதில்லை.

ஒரே உயரத்திலுள்ள நுனிப் பூக்களை மட்டும் வெட்டிப் பார்த்தேன். பல செடிகளின் பூக்களைக் கலந்து, ஒரே ஆய்வகத்தில், உலர் எடைக் கணக்கில் சோதித்தேன். முடிவுகளின் சிதறல் குறைந்ததே தவிர, எந்த ரகம் முந்துகிறது என்பது தேதிக்குத் தேதி மாறியது. அறுவடையைத் தள்ளிப்போடவும் வழியில்லை: அக்டோபர் மழையில் பூக்களைச் சாம்பல் பூஞ்சணம் பிடித்துவிடும், அதிகாரபூர்வ மாதிரி எடுத்த 30 நாள்களுக்குள் அறுத்தாகவும் வேண்டும்.

இத்தகைய ரகங்களை ஒப்பிட்ட அனுபவமுள்ளவர்கள், பூக்கத் தொடங்கியதிலிருந்து சம வாரங்கள் கழித்து மாதிரி எடுப்பீர்களா, அல்லது மொத்த டி.எச்.சி. 0.3 விழுக்காட்டைத் தொடும் நாளில் இருக்கும் சி.பி.டி. அளவை வைத்து மதிப்பிடுவீர்களா?