டிசம்பரில் தஞ்சாவூர், ராமேஸ்வரம்: போய் வந்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம், மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். அம்மாவுக்கு 70 வயது, காலமெல்லாம் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டித் தேய்ந்த முழங்கால். தஞ்சாவூர், மதுரை, ராமேஸ்வரம் பார்க்க வேண்டுமாம். கோலாலம்பூரிலிருந்து நேரே திருச்சிக்கு விமானம் இருக்கிறது, அது பிரச்சினை இல்லை. மாதம்தான் பிடிபடவில்லை.

ஏப்ரல், மே வேண்டவே வேண்டாம். பெரிய கோயில் கல்தரையில் மத்தியான வெயிலில் வெறுங்காலோடு அம்மாவால் நான்கு அடி வைக்க முடியாது. பிப்ரவரி இதமாக இருக்கும், ஆனால் பிள்ளைகளுக்குப் பள்ளி. டிசம்பர் விடுமுறையில் போகலாம் என்றால் வடகிழக்குப் பருவமழை, கடலோரத்தில் புயல் பயம் வேறு.

டிக்கெட் ஏஜெண்டைக் கேட்டேன், எல்லா மாதமும் நல்ல மாதம்தானாம் (விற்கிறவர் வேறென்ன சொல்வார்). கும்பகோணத்துச் சொந்தக்காரர்கள் பொங்கலுக்கு வா என்கிறார்கள். அப்போது ரயிலில் இடம் பிடிப்பது பெரும்பாடு. முன்பதிவும் 60 நாளுக்கு முன்புதான் திறக்கும்.

டிசம்பர் கடைசி வாரத்தில் வயதானவர்களோடு அந்தப் பக்கம் போனவர்களுக்கு மழை எப்படி இருந்தது?