முன்னாய்வு இயலில் 27% சிமிலாரிட்டி: சொல்லை மாற்றியும் குறையவில்லை

வைகைக்கரை (கேள்வி):
பிஎச்.டி. ஆய்வேடு, ஏரிப் பாசன வரலாறு. முன்னாய்வு இயலை (முந்தைய ஆய்வுகளைப் பேசும் இயல்) மட்டும் டிரில்பிட் என்ற எழுத்துத் திருட்டு கண்டறியும் மென்பொருளில் போட்டதற்கு 27% சிமிலாரிட்டி, அதாவது பிற நூல்களோடு ஒத்துப்போகும் அளவு, வந்திருக்கிறது. நெறியாளர் 10%க்குள் கொண்டுவரச் சொல்கிறார். எல்லா இடத்திலும் அடிக்குறிப்பு உண்டு, சொற்களையும் மாற்றியாயிற்று. ஒரு மாதிரி (குடிமராமத்து என்பது ஊராரே உழைத்து ஏரியைப் பராமரிக்கும் முறை):

மூலம்: “ஏரிப் பராமரிப்பு பொதுப்பணித் துறையின் கைக்குப் போன பிறகு குடிமராமத்து முறை படிப்படியாகச் சிதைந்தது, தூர்வாரப்படாத ஏரிகளில் வண்டல் படிந்து கொள்ளளவு குறைந்தது.”

என்னுடையது: “ஏரிப் பராமரிப்பு பொதுப்பணித் துறையின் வசம் சென்ற பின்னர் குடிமராமத்து முறை மெல்ல மெல்ல அழிந்தது, தூர்வாரப்படாத ஏரிகளில் மண் படிந்து கொள்ளளவு குறைந்தது.”

இதில் என்ன தவறு?

நூலகத்திண்ணை:
முதலில் ரிப்போர்ட்டைத் திறந்து, துணைநூற்பட்டியலும் மேற்கோள்குறிக்குள் இருப்பவையும் விலக்கப்பட்டிருக்கிறதா பாருங்கள். யுஜிசியின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2018 விதிப்படி இவை கணக்கில் சேராது. பொருளடக்கம், முன்னுரை, நன்றியுரையும் அப்படியே. விலக்கிய பிறகு மீதி எவ்வளவு என்பதுதான் கேள்வி. 10%க்கு மேல் 40% வரை என்றால் ஆறு மாதத்துக்கு மிகாத கெடுவுக்குள் திருத்தித் தரச் சொல்வார்கள். 60% தாண்டினால் பதிவே ரத்து.

செங்கால்நாரை:
எண்ணை விடுங்கள், மாதிரியைப் பார்ப்போம். வாக்கியத்தின் எலும்புக்கூடு அப்படியே நிற்கிறது: அதே வரிசை, அதே காற்புள்ளி, அதே முடிவு. மென்பொருள் பிடிப்பது இந்தத் தொடர்ச்சியைத்தான். அடிக்குறிப்பு கருத்து யாருடையது என்று சொல்லும். நடையை எடுத்ததற்கு அது ஈடாகாது.

அதைவிட மோசம், பொருள் கெட்டிருக்கிறது. மூலம் ‘சிதைந்தது’ என்கிறது, நீங்கள் ‘அழிந்தது’ என்கிறீர்கள். அது வேறு வாதம். வண்டல் வெறும் மண் அல்ல. வண்டல், குடிமராமத்து, கொள்ளளவு, பொதுப்பணித் துறை எல்லாம் துறைச்சொற்கள். அவற்றைத் தொடவே வேண்டாம், மாற்ற வேண்டியது மற்றதை.

செய்முறை: பத்தியை இரண்டு முறை படித்துப் புத்தகத்தை மூடுங்கள். ஆசிரியர் எதை நிறுவுகிறார், எதைக் காரணமாகக் காட்டுகிறார் என்று முழு வாக்கியமாக இல்லாமல் துண்டுச் சொற்களாகக் குறியுங்கள். பக்க எண்ணை அப்போதே எழுதுங்கள். குறிப்பை மட்டும் வைத்து, உங்கள் இயலுக்கு எது முக்கியமோ அதில் தொடங்கி எழுதுங்கள். கடைசியாகத்தான் மூலத்தோடு ஒப்பிட வேண்டும். இப்படி வரலாம்:

“ஏரிகளின் கொள்ளளவுக் குறைவை இந்நூல் நிர்வாக மாற்றத்தோடு பொருத்திப் பார்க்கிறது. பொறுப்பு பொதுப்பணித் துறைக்கு மாறியபின் குடிமராமத்து நலிந்து, வண்டல் அள்ளப்படாமல் தேங்கியது என்கிறது.”

இதை அடுத்து உங்கள் குரல் வர வேண்டும். வழக்கமான ஊருழைப்பை வலியுறுத்த 1858இலேயே மதராஸ் கட்டாய உழைப்புச் சட்டம் வந்ததே, பிறகும் ஏன் நலிந்தது? நூல் இதற்குப் பதில் சொல்கிறதா? இப்படி ஒரு கேள்வி நுழைந்தால் சிமிலாரிட்டி தானாக இறங்கும். முன்னாய்வு இயல் என்பது அதற்குத்தானே.

தமிழ்ப்பிழை:
பாராபிரேஸ் செய்து தரும் தளங்கள் பக்கம் போகாதீர்கள். தமிழை ஆங்கிலமாக்கித் திரும்பத் தமிழாக்கினால், ஏரி ‘tank’ ஆகி, ஏரிப் பாசனம் ‘தொட்டிப் பாசனம்’ ஆகிவிடும் ஆபத்து உண்டு. தேர்வாளர் முதல் பக்கத்திலேயே கண்டுபிடித்துவிடுவார்.

வைகைக்கரை:
புரிந்தது. விதியில் 14 தொடர் சொற்கள் வரை விலக்கு என்று இருக்கிறதே, அதைப் பயன்படுத்தலாமா? ஆங்கில நூலை நானே மொழிபெயர்த்தால்?

நூலகத்திண்ணை:
அந்த விலக்கு பொதுஅறிவுச் செய்திக்கும் தற்செயலாக ஒத்துப்போகும் சொற்களுக்கும்தான். தமிழில் 14 சொல் என்பது பெரும்பாலும் முழு வாக்கியம். உங்கள் மூலத்தில் காற்புள்ளி வரை எண்ணிப் பாருங்கள், 11தான்! அப்படி ஒரு வாக்கியத்தை அப்படியே எடுத்தால், மென்பொருள் விட்டாலும் அது திருட்டுதான். மொழிபெயர்ப்பும் அப்படியே: வரிக்கு வரி பெயர்த்தால் மேற்கோள்குறி போட்டு ‘மொழிபெயர்ப்பு ஆய்வாளருடையது’ என்று குறியுங்கள், கருத்தை மட்டும் எடுத்தால் ஆசிரியர், ஆண்டு, பக்கம் போதும்.

செங்கால்நாரை:
பத்தி முடிவில் ஒரே அடிக்குறிப்பு போடும் பழக்கம் இருந்தால் அதையும் திருத்துங்கள். எந்த வரி வரை கடன் என்று தெரியாது. ஆசிரியர் பெயரோடு தொடங்கி, அவர் கருத்து முடியும் வரியிலேயே குறிப்பைப் போடுங்கள். அதற்குப் பிறகு வருவது உங்களுடையது என்று எவரும் புரிந்துகொள்வார்கள்.