4060 லேப்டாப் 4050ஐ விட ஸ்லோவா ஓடுது, என்ன பண்ணலாம்?

காவேரிப்பட்டணத்துலருந்து எழுதுறேன் மக்களே. கல்யாண வீடியோ எடிட்டிங்குக்காக போன தீபாவளிக்கு ஆர்டிஎக்ஸ் 4060 கிராஃபிக்ஸ் கார்டு (8 ஜிபி கார்டு மெமரி) இருக்குற லேப்டாப் எடுத்தேன், ஆனா தர்மபுரி மாப்ள ஒருத்தன் 4050, வெறும் 6 ஜிபி, அத வச்சிக்கிட்டு அதே டாவின்சி (எடிட்டிங் சாஃப்ட்வேர்) ப்ராஜெக்ட்ட எனக்கு முன்னாடி ரெண்டர் முடிச்சிட்டு டீக்கடைக்குப் போயிடுறான். கார்டுக்குள்ள கணக்கு போடுற கூடா கோர் எனக்கு 3072, அவனுக்கு 2560தான், இருந்து என்ன புண்ணியம். கார்டு எவ்ளோ பவர் இழுக்குதுன்னு காட்டுற என்விடியா-எஸ்எம்ஐ டூல்ல பாத்தா எனக்கு 60 வாட்ஸ தாண்டவே மாட்டேங்குது, அவனுக்கு 100 தொடுது. ஹீட்டும் இல்ல, 70 டிகிரிதான். டிரைவர டிடியு (பழைய டிரைவர அழிக்கிற டூல்) போட்டு வழிச்சு எடுத்து புதுசா போட்டாச்சு, பர்ஃபாமன்ஸ் மோடு, மக்ஸ் ஸ்விட்ச் (ஸ்கிரீன நேரா கார்டோட இணைக்கிறது), ஒரிஜினல் சார்ஜர் எல்லாம் பாத்தாச்சு. ரெண்டு கார்டுக்கும் 35லருந்து 115 வாட்ஸ் வரைக்கும்னு என்விடியா போட்டிருக்கு, நம்ம லேப்டாப் பெட்டில வாட்ஸே காணோம். இந்த 60 லேப்டாப் கம்பெனி வச்ச லிமிட்டா, இல்ல பயாஸ் (போர்டுலயே இருக்குற ஸ்டார்ட்டப் சாஃப்ட்வேர்) அப்டேட்ல ஏறுமா?