டீயும் தம்மும்: விட்டவர்கள், விடாதவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

சத்துவாச்சாரி ஆள்:

முதலில் என் கதை. ராணிப்பேட்டையில் ஒரு ஷூ கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். பதினேழு வருஷம் தம் அடித்தவன். "பாய், டீ ஒண்ணு, ஃபில்டர் ஒண்ணு" என்பது என் வாயில் ஒரே வார்த்தையாக வரும். கடை வாசலில் தொங்குகிற கயிற்று நெருப்பில் பற்ற வைத்து, முதல் இழுப்பும் முதல் வாயும் சேர்ந்து இறங்கினால்தான் பொழுது விடிந்த மாதிரி.

போன கத்திரி வெயிலில் நிறுத்தினேன். முதல் மூன்று நாள் எரிச்சல், கோபம். அது எதிர்பார்த்ததுதான். நாலாம் நாளிலிருந்து வேறு மாதிரி. நெஞ்சு படபடவென்று அடிக்கிறது. கால்குலேட்டரைத் தட்டினால் பூஜ்யம் ஒன்று கூடுதலாக விழுகிறது. ராத்திரி இரண்டு மணிக்கு ஃபேன் சுற்றுகிற சத்தத்தை எண்ணிக்கொண்டு படுத்திருக்கிறேன். "சிகரெட்டை விட்டா அப்படித்தான் இருக்கும்" என்றார்கள் நாலு பேர். வீட்டுக்காரி, "பேசாம ஒண்ணு அடிச்சிட்டு வாங்க, உங்க மூஞ்சியப் பாக்க முடியல" என்றாள்.

டாக்டரிடம் போனேன். சிகரெட்டைப் பற்றிக் கேட்பார் என்று நினைத்தால், "காபி, டீ எத்தனை?" என்றார். விரல் விட்டு எண்ணினேன், ஒரு கை போதவில்லை. வாய் சும்மா இருக்க முடியாமல், சிகரெட் இருந்த இடத்தையெல்லாம் காபியால் நிரப்பியிருந்தேன்.

அவர் சொன்னதுதான் எனக்குப் புதுசு. சிகரெட் புகையில் உள்ள சில பொருட்கள் கல்லீரலை முடுக்கிவிட்டு, காஃபினை வேகமாக வெளியேற்ற வைக்குமாம். செய்வது நிக்கோட்டின் இல்லை, புகை. புகைப்பவர் உடம்பில் காஃபின் ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகத்தில் கரையும். புகையை நிறுத்தினால் அந்த முடுக்கம் ஒரு வாரத்துக்குள் அடங்கிவிடும். "பழைய கணக்குப்படி நாலு குடிச்சீங்கன்னா, இப்ப உங்க உடம்புக்கு அது எட்டு" என்றார். நான் ஆறு குடித்துக்கொண்டிருந்தேன். கணக்கப்பிள்ளைக்கே கணக்கு தப்பிப்போச்சு.

இரண்டாகக் குறைத்தேன். மூணு நாளில் கை நடுக்கம் போனது, தூக்கம் வந்தது. எரிச்சல் மட்டும் மூன்று வாரம் இருந்தது. அதுதான் நிக்கோட்டினுடையது. மற்ற பாவத்தையெல்லாம் அதன் தலையில் கட்டியிருந்தேன். உங்களில் யாருக்காவது இப்படி ஆனதா?

குடியாத்தம் மகள்:

அண்ணா, நான் சிகரெட்டைத் தொட்டதே இல்லை. ஆனால் புகையிலை வாசனையில் வளர்ந்தவள். அம்மா பீடி சுற்றினார். மடியில் முறம், இலையை அளவாக வெட்டி, தூளை வைத்து, சுருட்டி, நூல் கட்டி, தலையை மடக்கி விடுவார். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. பேசிக்கொண்டே, எங்களைத் திட்டிக்கொண்டே சுற்றுவார், கை மட்டும் நிற்காது. ஒரு பீடி வாயில் வைத்ததில்லை. ஆனால் சோறு பிசைந்து ஊட்டும்போது அந்தக் கையில் வாசனை இருக்கும், சோப்புப் போட்டாலும் போகாது.

புகையிலைத் தூளைக் கையாளுகிறவர்களுக்குத் தோல் வழியாகவும் நிக்கோட்டின் ஏறும் என்று ரொம்பப் பிறகுதான் படித்தேன். இலை வராத நாட்களில் அம்மாவுக்குத் தலை பாரமாக இருக்கும், ஒன்றும் பிடிக்காது. கூலி போச்சே என்ற கவலை என்று நினைத்தோம். வெறும் கவலையாகவும் இருந்திருக்கலாம், யார் கண்டது.

என் விஷயம் காபி. ஆடிக் கிருத்திகைக்கு விரதம் இருந்து ரத்தினகிரி ஏறுவேன். அன்று சாயங்காலம் தலை பிளக்கும். பசி என்று நினைத்தேன், வெயில் என்று நினைத்தேன். ஒரு வருஷம் விரதம் விட்டதும் சாப்பாட்டைத் தொடாமல் காபியை மட்டும் குடித்தேன். கொஞ்ச நேரத்தில் வலி போய்விட்டது. முருகனுக்குத் தெரிந்திருக்கும், எனக்குத்தான் தெரியவில்லை.

மேல்விஷாரம்:

தங்கச்சி சொன்னது எங்களுக்கு வருஷா வருஷம் நடக்கிறது. எனக்கு இரண்டு பழக்கமும் உண்டு. ரமலான் மாதத்தில் பகல் முழுக்க இரண்டும் கிடையாது, அதனால் எது எப்படிப்பட்டது என்று தனித்தனியாகத் தெரிந்துவிடும்.

முதல் இரண்டு மூன்று நோன்பு, அஸர் தொழுகை நேரத்தில், அதாவது சாயங்காலம், நெற்றிப் பொட்டில் சுத்தியால் அடிக்கும். அது டீ. தூக்கம் வருகிறது என்று மூளைக்குச் சொல்கிற அடினோசின் உட்கார வேண்டிய நாற்காலியில் காஃபின் உட்கார்ந்துகொள்ளுமாம். ஒரு நாள் காஃபின் வரவில்லை என்றால் அடினோசின் மொத்தமாக வந்து உட்காரும், தலையில் ரத்தக் குழாய்கள் விரியும், வலிக்கும். விடியலுக்கு முன் சாப்பிடுகிற சஹருக்கு ஒரு டீ குடிக்க ஆரம்பித்தேன், பாதி குறைந்தது. நாலைந்து நாளில் உடம்பு பழகிவிடும், அப்புறம் டீ ஞாபகமே வராது.

சிகரெட் அப்படி இல்லை. இருபத்தஞ்சாவது நோன்பிலும், பேரீச்சம்பழம் வாயில் இருக்கும்போதே கை சட்டைப் பையைத் தடவும். கஞ்சிக் கிண்ணம் அப்புறம்தான். இழுத்த புகையிலிருந்து நிக்கோட்டின் பத்து இருபது விநாடியில் மூளைக்குப் போய்விடும், இரண்டு மணி நேரத்தில் பாதி இறங்கிவிடும். காஃபின் ஏறவே அரை மணிக்கு மேல், பாதி இறங்க சுமார் அஞ்சு மணி நேரம். சட்டென்று வந்து சட்டென்று போவதால்தான் கை திரும்பத் திரும்பத் தேடுகிறது. ஒரு மாசம் பகலில் விட முடிகிறவனுக்குப் பெருநாளன்று மாலை ஏன் முடியவில்லை என்று வீட்டில் கேட்கிறார்கள். பதில் இல்லை.

மெடிக்கல் ஷாப் தம்பி:

தம்மை நிறுத்த நிக்கோட்டின் சூயிங்கம் வாங்க வருகிற அண்ணன்களுக்கு ஒரு விஷயம். அதைப் பபுள்கம் மாதிரி மென்று தள்ளக் கூடாது. கொஞ்சம் மென்று, காரம் ஏறியதும் கன்னத்தில் ஒதுக்கி வைக்க வேண்டும். விழுங்கினால் விக்கல்தான் மிச்சம். காபி குடித்த கையோடு போட்டால் வாயில் உள்ள புளிப்பு நிக்கோட்டினை உறிஞ்ச விடாது, கால் மணி நேரம் இடைவெளி விடணும். ஒரு அண்ணன் "இது டூப்ளிகேட்டு" என்று சண்டைக்கு வந்தார், கையில் காபி டம்ளரோடு. சிகரெட் பாக்கெட்டில் போட்டிருக்கிற 1800-11-2356, பழக்கத்தை நிறுத்த உதவுகிற இலவச எண், கூப்பிட்டுப் பேசலாம்.

காட்பாடி பாசஞ்சர்:

எல்லாம் சரி, காபியும் போதைதானே? அதை மட்டும் ஏன் தலையில் தூக்கி வைத்து ஆடுகிறீர்கள்?

சத்துவாச்சாரி ஆள்:

பழக்கம்தான் சார், மறுக்கவில்லை. ஆனால் இரண்டையும் ஒரே தராசில் வைக்க என்னால் முடியாது. ஆரோக்கியமான பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 400 மில்லிகிராம் காஃபின் வரை பொதுவாகப் பிரச்சினை இல்லை என்கிறார்கள், கர்ப்பிணிகளுக்கு அதில் பாதி. சிகரெட்டுக்கு அப்படி ஒரு அளவு எந்த டாக்டரும் சொல்லிக் கேட்டதில்லை. நிக்கோட்டின் ஆளைக் கட்டி வைக்கிறது, கூட வருகிற புகை நுரையீரலையும் இதயத்தையும் தின்கிறது. காபி என் தூக்கத்தைக் கெடுத்தது, அதோடு சரி.

மேல்விஷாரம் அண்ணே, பெருநாள் மாலை பற்றிச் சொன்னீர்களே, எனக்கு அது தினமும் சாயங்காலம் நாலு மணி. இப்போதும் அதே கடைக்குத்தான் போகிறேன், கயிறு தொங்காத பக்கம் நின்றுகொள்கிறேன். பாய் ஒரு கையில் டீயை நீட்டும்போது இன்னொரு கை தன்னால் சிகரெட் டப்பா பக்கம் போகும். பாதி வழியில் ஞாபகம் வந்து, பிஸ்கட் பாட்டிலைத் திறப்பார்.