புதுப்பிப்பு: பிரைட்டன் அருகே வெந்நீர்த் தொட்டியுடன் கூடாரம்

இங்கிலாந்தின் தென்கடற்கரை நகரமான பிரைட்டன் பக்கம் வெந்நீர்த் தொட்டி வைத்த சொகுசுக் கூடாரம் தேடுகிறேன், கடலோரமா குன்றுப் பக்கமா என்று முன்பு கேட்டிருந்தேன். பலரும் சொன்னபடி, பிரைட்டனை ஒட்டிய சவுத் டவுன்ஸ் குன்றுகளுக்கே போய் வந்தோம்.

விறகடுப்புத் தொட்டிக்குப் பொறுமை வேண்டும். குளிர்நாளில் நீர் சூடேற மூன்று, நான்கு மணி நேரம் பிடிக்கிறது. மேலே கை வைத்தால் சுடும். காலை உள்ளே விட்டால் அடியில் பச்சைத்தண்ணீர். மரத் துடுப்பால் கலக்கிக்கொண்டே இருக்க வேண்டும். மாலைக் குளியலுக்கு மதியமே அடுப்பை மூட்டுங்கள். 40 டிகிரியைத் தாண்டவிடாதீர்கள். கர்ப்பிணிகளும் இதய நோயாளிகளும் மருத்துவரைக் கேட்காமல் இறங்க வேண்டாம். மின்சாரத் தொட்டி வசதிதான், ஆனால் அந்த மோட்டார் இரைச்சல் எனக்கு ஆகாது.

சவுத் டவுன்ஸ் 2016 முதல் சர்வதேச இருண்ட வானக் காப்பகம், அதாவது விளக்கொளியால் இரவு வானம் கெடாமல் காக்கப்படும் பகுதி. அமாவாசையை ஒட்டிப் போனதால், கழுத்தளவு வெந்நீரில் இருந்தபடியே பால்வீதியைப் பார்த்தோம். முழுநிலவு நாளில் முன்பதிவு செய்து வீணாக்காதீர்கள்.

கார் இல்லாதவர்களுக்கு: லண்டன் விக்டோரியாவிலிருந்து பிரைட்டனுக்கு ரயிலில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். அங்கிருந்து சவுத் டவுன்ஸில் உள்ள 248 மீட்டர் உயரக் குன்றான டிட்ச்லிங் பீக்கனுக்கு வார இறுதியில் பஸ் உண்டு. கூடாரம் வரை டாக்சிதான். பிரைட்டன் கடற்கரை முழுக்கக் கூழாங்கல். நல்ல செருப்பு எடுத்துச் செல்லுங்கள்.