ஓவியர் சொன்ன பிறகு படம் மாறிப்போன அனுபவம் உண்டா?

பழுப்பு மை:

கிரீம்ஸ் சாலை லலித் கலா அகாதமியில் ஒரு பதிப்போவியக் கண்காட்சி. எட்சிங் வகை: உலோகத் தகட்டில் மெழுகு பூசி, அதில் கோடு கீறி, அமிலத்தில் போடுவார்கள். மெழுகு போன இடத்தை மட்டும் அமிலம் கடிக்கும். அந்தப் பள்ளத்தில் மை பூசிக் காகிதத்தில் அச்செடுப்பார்கள்.

ஒரு படத்தின் முன்னால் ரொம்ப நேரம் நின்றிருந்தேன். கீழே நெருக்கமாக வரப்புகள். மேலே பாதிக்கு மேல் சாம்பல் மேகம், ஓரங்கள் மட்டும் கன்னங்கரேல் என்று. மேகத்துக்குள் பொடிப்பொடியாக வட்டங்கள். எங்கள் ஊர் ஐப்பசி வானம் அப்படியே இருந்தது. பக்கத்தில் நின்ற அம்மாதான் வரைந்தவர் என்று தெரிந்ததும், "இந்த வானத்தை எப்படிங்க கொண்டுவந்தீங்க?" என்று கேட்டேன்.

"அதை நான் கொண்டுவரலை. தகட்டு மேல இருந்த மெழுகுப் பூச்சு தூக்கிடுச்சு" என்றார்.

தகட்டை நைட்ரிக் அமிலத்தில் போட்டால் கீறிய கோடெல்லாம் குமிழி விடும். குமிழி உட்கார்ந்த இடத்தில் அமிலம் சரியாகக் கடிக்காது. அதனால் ஒரு கோழி இறகால் தடவித் தடவித் தள்ளிக்கொண்டே இருப்பார்கள். அன்றைக்குப் பூச்சு உரிவதை அவர் கண்ணால் பார்த்திருக்கிறார். தகட்டை வெளியே எடுக்கவில்லை. இறகை மட்டும் கீழே வைத்துவிட்டார். "எடுத்திருந்தா வரப்பு மட்டும் மிஞ்சியிருக்கும். வானம் வந்திருக்காது." சொல்லும்போது விரல் இரண்டும் காற்றில் இறகு பிடித்த மாதிரியே அசைந்தன.

அப்புறம் திரும்பிப் படத்தைப் பார்த்தேன். ஐப்பசி போய்விட்டது. அந்த வட்டங்கள் ஒவ்வொன்றும் ஒரு குமிழி, இறகை வைத்த பிறகு உட்கார்ந்த குமிழி. இன்றைக்கு வரைக்கும் அந்தப் படம் அப்படித்தான் ஞாபகம் வருகிறது. எனக்குக் கிடைத்ததா, என்னிடமிருந்து போனதா என்று தெரியவில்லை. உங்களுக்கு இப்படி நடந்திருக்கிறதா?

கரைவலை:

போனதுதான். உங்கள் ஓவியர் பேசாமல் இருந்திருக்கலாம்.

2016-இல் கொச்சி பினாலே என்ற பெரிய கலைக் கண்காட்சி, ஆஸ்பின்வால் ஹவுஸ் என்ற அரங்கு, கவிஞர் ராவுல் சூரிட்டாவின் தண்ணீர்க் கூடம். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு, கடல்நீருக்குள் இறங்கி நடக்க வேண்டும். சுவரில் ஆங்காங்கே பெரிய பெரிய துணியில் கேள்விகள்: என்னைப் பார்க்கவில்லையா, நான் சொல்வது கேட்கவில்லையா என்கிற மாதிரி. எனக்கு முன்னால் ஒரு தமிழ்க் குடும்பம். அப்பா பையனைத் தோளில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றையும் தமிழில் சத்தமாகச் சொல்லிக்கொண்டே போனார். பையன் தண்ணீரைக் காலால் தொடப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான்.

கடைசிச் சுவரில் காலிப் குர்தி என்ற குழந்தையின் பெயர். நான் அவன் தகப்பன் இல்லை, ஆனால் அவன் என் மகன் என்று கவிஞர் எழுதியிருக்கிறார். அங்கே வந்ததும் அந்த அப்பாவுக்குத் தமிழ் வரவில்லை. "அப்பா, இதுல என்ன போட்டிருக்கு?" பையன் கேட்கிறான். அவர் அவனைத் தோளிலிருந்து இறக்கி மார்போடு பிடித்துக்கொண்டார். பதில் சொல்லவே இல்லை. திரும்பி வருவதற்கும் அதே தண்ணீர்தான் வழி.

யாரும் எனக்கு விளக்கவில்லை. அந்தக் கூடத்தை எப்படிக் கட்டினார்கள், தண்ணீரை எப்படி நிறுத்தினார்கள் என்று எனக்குத் தெரியவும் வேண்டாம்.

எழும்பூர்க்காரன்:

கரைவலை, கொஞ்சம் பொறுங்கள். யாரும் விளக்கவில்லை என்கிறீர்கள். காலிப் குர்தி யார் என்று உங்களுக்கு முன்பே தெரிந்திருந்தது, அதனால்தான் அந்த இடம் உங்களை அடித்தது. 2015 செப்டம்பரில் துருக்கிக் கடற்கரையில் குப்புறக் கிடந்த சிரிய அகதிச் சிறுவன் ஆலன் குர்தியின் படத்தை உலகமே பார்த்தது. காலிப் அவனுடைய அண்ணன். ஐந்து வயது. அதே படகில் வந்து அதே கடலில் போனவன். அவனுக்கு அப்படி ஒரு படம் கிடைக்கவில்லை. சூரிட்டா எழுதியது அந்தப் படமில்லாத பிள்ளைக்கு. இது தெரியாமல் அந்தப் பெயரைப் படிப்பவருக்கு அது வெறும் பெயர்.

இன்னொன்று. சூரிட்டா சிலி நாட்டுக்காரர். 1973 செப்டம்பரில் ராணுவத் தளபதி பினோசே ஆட்சியைப் பிடித்த அன்றைக்கே கைதாகி, ஒரு கப்பலின் அடித்தளத்தில் அடைக்கப்பட்டுச் சித்திரவதைப்பட்டவர். அந்த ஆட்சி கொன்றவர்களில் பலரைக் கடலில்தான் வீசியது. ஆக அந்தக் கூடத்தில் நீங்கள் மிதித்தது ஒரு கடல் மட்டும் இல்லை. இதைத் தெரிந்துகொண்டால் உங்கள் அனுபவம் குறையுமா? கூடத்தான் செய்யும்.

என் கதை சின்னது. சென்னைக்குப் பக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தில் ஒரு மூத்த சிற்பியின் வேலை. செம்புத் தகடுகளைப் பற்றவைத்த இடமெல்லாம் புடைத்துக்கொண்டு அப்படியே இருந்தது. ஏன் அரத்தால் ராவவில்லை என்று கேட்டேன். "ராவினா நான் கை வச்ச இடம் தெரியாதே தம்பி" என்றார். அதற்குப் பிறகு எந்த உலோகச் சிற்பத்தைப் பார்த்தாலும் முதலில் பற்றவைப்பைத்தான் தேடுகிறேன்.

புதிதாகக் கண்காட்சிக்குப் போகிறவர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். ஓவியரிடம் "இதுக்கு என்ன அர்த்தம்?" என்று கேட்காதீர்கள். பாதிப் பேர் அந்தக் கேள்வியிலேயே கதவைச் சாத்திவிடுவார்கள். எங்கிருந்து ஆரம்பித்தீர்கள் என்று கேளுங்கள். எதை அழித்தீர்கள், எதை முடிக்காமல் விட்டீர்கள் என்று கேளுங்கள். முதல் நாள் மாலை போனால் கூட்டமும் மாலை மரியாதையும்தான் இருக்கும், வேலை நாள் பகலில் போங்கள், ஓவியர் தனியாக உட்கார்ந்திருப்பார், பேசுவதற்கு ஆள் கிடைத்தால் அவருக்கும் சந்தோஷம். சுவரில் ஒட்டியிருக்கும் குறிப்பை முதல் சுற்றில் படிக்காதீர்கள், இரண்டாம் சுற்றில் படியுங்கள். போனை எடுப்பதற்கு முன்னால் கண்ணால் பாருங்கள். படம் என்ன அளவு, எந்தக் காகிதம், எத்தனை பிரதி என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பதிப்போவியம் என்றால் கீழே பென்சிலில் 3/10 என்று போட்டிருக்கும். பத்துப் பிரதி எடுத்ததில் இது மூன்றாவது. "பிரின்ட்தானே, ஏன் இவ்வளவு விலை?" என்று தயவுசெய்து கேட்காதீர்கள். ஒவ்வொரு பிரதிக்கும் தகட்டில் மை பூசி, துடைத்து, காகிதத்தை நனைத்து, பிரஸ்ஸில் ஓட்ட வேண்டும். முடிந்தால் சின்னதாக ஒன்று வாங்குங்கள். சோழமண்டலம் 1966-இல் கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில் உருவானபோது, பாத்திக் துணி மாதிரிக் கைவேலைகளை விற்ற காசில்தான் ஓவியர்கள் ஈஞ்சம்பாக்கத்தில் நிலம் வாங்கினார்கள். படைப்பு எப்படி உருவாகிறது என்ற பேச்சில் இந்தக் காசுக் கணக்கும் சேர்த்திதான்.

வேலணை:

எழும்பூர்க்காரன் அண்ணா சொன்னதில் எனக்குப் பாதி சம்மதம். ஆனால் சில வேலைகளில் ஓவியர் எப்படிச் செய்தார் என்பதுதான் வேலையே. பிரித்துப் பார்க்க ஏலாது.

யாழ்ப்பாண ஓவியர் சனாதனனுடைய தோம்பு என்ற புத்தகம் தெரியும்தானே. 2011-இல் வந்தது. இலங்கைப் போரில் இடம்பெயர்ந்த எண்பது பேரிடம், விட்டுவந்த வீட்டின் வரைபடத்தை ஞாபகத்தில் இருந்து கீறித் தரச் சொன்னார். அவர்கள் கீறியது ஒன்று, அதை வைத்துக் கட்டடக்கலைஞர் அளவாகப் போட்டது ஒன்று, பிறகு சனாதனன் தானே வரைந்தது ஒன்று. ஒல்லாந்தர், அதாவது டச்சுக்காரர் காலத்துக் காணிப் பதிவேட்டுக்குத்தான் தோம்பு என்று பேர். உறுதிப் பத்திரம் போன காணிகளுக்கு இது ஒரு பதிவு.

நான் டொரன்டோவில் அதைப் பார்த்துவிட்டு வந்த இரவு, அம்மாவிடம் ஒரு தாளும் பேனையும் கொடுத்தேன். எங்கட வீட்டைக் கீறுங்கோ என்றேன். வீட்டைப் பற்றிக் கேட்டால் ஒருநாளும் வாய் திறக்காத மனுசி. முதலில் கிணற்றைக் கீறினா. பிறகு கிணற்றடியில் இருந்து குசினிக்கு வாற பாதை. வேலி, படலை, படலைக்குப் பக்கத்தில் முருங்கை. மாட்டுக்கொட்டில் இவ்வளவு பெரிசோ என்று கேட்டேன், பெரிசுதான் என்று இன்னும் பெரிசாகக் கீறினா. வீடு கடைசியில்தான் வந்தது. விறாந்தையைக் கீறிவிட்டுப் பேனையை அப்படியே பிடித்துக்கொண்டு இருந்தா. முன் கதவு வலப்பக்கமா இடப்பக்கமா என்று அவவுக்கு வரவில்லை. "நீ சொல்லு பிள்ளை, எந்தப் பக்கம்?" என்று என்னைக் கேட்டா. வெளிக்கிடும்போது நான் கைக்குழந்தை.

அந்தத் தாள் இன்னும் கதவில்லாமல்தான் இருக்குது. கதை சொல்லுங்கோ என்று கேட்டிருந்தால் அம்மா ஒன்றும் சொல்லியிருக்கமாட்டா. கீறச் சொன்னதால்தான் எல்லாம் வந்தது. அதை அந்த ஓவியர் எப்படிக் கண்டுபிடித்தார் என்று நான் அடிக்கடி யோசிப்பேன்.

கீழமாசி:

எழும்பூர்க்காரன் சார், உங்கள் அறிவுரையைப் படித்தேன். நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறீர்கள். ஆனால் கேள்வி கேட்கத் தெரிந்தவர்களுக்குத்தான் கண்காட்சி என்பது போல ஆகிவிடுகிறது. எங்கள் அப்பா கதையைக் கேளுங்கள்.

அப்பா மதுரையில் மண்டிகளில் மூட்டை தூக்கினவர். 2025-26 கொச்சி பினாலேவுக்கு அழைத்துப் போனேன். கானா நாட்டு இப்ராஹிம் மகாமாவின் கூடத்துக்குள் நுழைந்தோம். சுற்றிலும் பழைய கோணிச் சாக்குகளைத் தைத்துத் தொங்கவிட்டிருந்தார்கள். எல்லோரும் நடுவில் நின்று அண்ணாந்து பார்த்துப் படம் எடுத்தார்கள். அப்பா நேராகச் சுவரோரம் போனார்.

ஒரு சாக்கில் சின்ன ஓட்டை. "இது குத்தூசி போட்டது. உள்ளே சரக்கு எப்படின்னு பார்க்க எடுத்திருக்கான்." அடுத்ததில் நீளமாக ஒரு கிழிசல். "இது கொக்கி. அவசரத்துல இழுத்திருக்கான்." கிழிசலைத் தைத்த இடத்தில் கோணூசி போன தடம். அதைக் கண் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்து, "இது பொம்பளை கை. ஆம்பளை இவ்வளவு நெருக்கித் தைக்க மாட்டான்" என்றார். பக்கத்தில் நின்ற காலேஜ் பெண்கள் ரெண்டு பேர் போனை இறக்கிவிட்டு அவர் பின்னாலேயே வந்தார்கள்.

மகாமா சாக்குகளை எப்படிச் சேர்க்கிறார் என்று நான் படித்திருந்தேன். வெளியே வந்ததும் சொன்னேன்: புதுச் சாக்கைக் கொடுத்துவிட்டுப் பழசை வாங்கிக்கொள்கிறார். கானாவில் கோகோ கட்டி, அப்புறம் கரி கட்டி, ஓய்ந்துபோன சாக்குகள்தான் அவருக்கு வேண்டும். அப்பா நடந்துகொண்டே இருந்தவர் நின்றுவிட்டார். "புதுசு கொடுத்துப் பழசு வாங்குறானா?" ஆமாம்ப்பா. "பழசுலதான் ஆள் இருக்கான்" என்றார். அவ்வளவுதான். ஊர் வந்து சேரும்வரை வேறு எதுவும் பேசவில்லை.

ஆக, பழுப்பு மை கேட்டதற்கு என் பதில்: எங்களுக்குக் கிடைத்தது. ஆனால் அப்பா முதலில் பார்த்தார், நான் பிறகு சொன்னேன். அந்த வரிசை முக்கியம் என்று நினைக்கிறேன்.

பட்டறை:

நான் செய்கிற பக்கம் நிற்கிறவன், களிமண்ணும் மரமும். உங்கள் எல்லோருடைய பதிவையும் இரண்டு முறை படித்தேன். எனக்கு உறுத்துவது வேறு.

அடுத்து வரப்போகும் என் கண்காட்சிக்காகக் காட்சிக்கூடத்துக்காரர்கள் வேலை செய்வதை வீடியோ எடுக்கச் சொன்னார்கள். சரி என்றேன். சூளையைத் திறக்கும் நாளில் கேமராவோடு ஒரு பையன் வந்தான். நல்ல பையன். நான் முதல் கலத்தை வெளியே எடுத்தேன், அடிப்பக்கம் வெடித்திருந்தது. கையில் வைத்து அந்த வெடிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் வேலையில் அந்த நேரம்தான் நேரம். இதை வைத்துக்கொள்வதா, உடைப்பதா, இந்த வெடிப்பு எனக்கு எதையாவது காட்டுகிறதா என்று அப்போதுதான் தெரியும். பையன், "அண்ணா, அதை வச்சுட்டு நல்லா வந்ததை எடுங்கண்ணா, வெளிச்சம் போகுது" என்றான். நான் வைத்துவிட்டேன். நல்லா வந்ததை எடுத்துக் கேமராவுக்குக் காட்டினேன். சாயங்காலம் திரும்பி வந்து அந்தக் கலத்தை எடுத்தபோது, காலையில் என்ன யோசித்துக்கொண்டிருந்தேன் என்பது வரவில்லை. வீடியோவில் நான் சிரித்துக்கொண்டிருக்கிறேன்.

பழுப்பு மை, உங்கள் ஓவியர் இறகைக் கீழே வைத்த நேரத்தில் அந்த அறையில் யாரும் இல்லை. இருந்திருந்தால் தகட்டை எடுத்திருப்பார்.

பேசக்கூடாது என்று நான் சொல்லவில்லை. சிற்பி பெனிதா பெர்சியலின் உருவங்களை 2014 கொச்சி பினாலேவில், பெப்பர் ஹவுஸ் அரங்கில் பார்த்தேன், சாம்பிராணியும் மூலிகையும் பட்டைப்பொடியும் கலந்து செய்தவை. உள்ளே போவதற்கு முன்பே வாசனை வாசலுக்கு வந்துவிட்டது. எப்படிச் செய்தார் என்பதை மூக்குதான் முதலில் சொன்னது. பொருளே பேசுகிற அந்த மாதிரி வேலை ஒன்றாவது செய்துவிட வேண்டும் என்று ஆசை. அதுவரைக்கும் வருகிறவர்களிடம் நானே பேசுகிறேன். கலத்தைக் கையில் கொடுத்துவிட்டுப் பேசுகிறேன். கேமராவிடம் மட்டும் இனி முடியாது. அதைக் காட்சிக்கூடத்தில் எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை, அடுத்த வாரம் போக வேண்டும்.

எழும்பூர்க்காரன்:

பட்டறை, எழுத்தில் சொல்லிவிடுங்கள், வாயால் சொன்னால் நிற்காது. சூளை திறக்கும் நாள் வேண்டாம், மண் மிதிக்கும் நாளில் வந்து எடுத்துக்கொள்ளட்டும் என்று ஒரு நாளை நீங்களே குறித்துக் கொடுங்கள். கீழமாசி, முதலில் பார்ப்பது, பிறகு கேட்பது என்று நீங்கள் சொன்ன வரிசையை ஒத்துக்கொள்கிறேன். கரைவலையோடு மட்டும் எனக்கு இன்னும் வழக்கு இருக்கிறது.

கரைவலை:

இருக்கட்டும். அந்தப் பையனுக்கு இப்போது பதினாலு பதினைந்து வயது இருக்கும். அவனுக்கு அவன் அப்பா அப்புறமாவது சொன்னாரா என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டும். காலிப் யார் என்று எனக்கு முன்பே தெரியும் என்று நீங்கள் சொன்னது சரி. அவனுக்குத் தெரியாதே. அவன் அந்தத் தண்ணீரை எப்படி ஞாபகம் வைத்திருக்கிறான்?