கத்ரினாவில் ஏறிய கச்சா விலை ஹார்வியில் ஏன் இறங்கியது?

வைகைக்கரையான் கேட்டது:

அண்ணன்மார்களே, வணக்கம். எம்.ஏ. பொருளாதாரம் படிக்கிறேன். செமினாருக்கு மெக்சிகோ வளைகுடாப் புயல்களும் எண்ணெய் விலையும் என்று தலைப்பு எடுத்துவிட்டு முழித்துக்கொண்டிருக்கிறேன்.

2005 ஆகஸ்டில் கத்ரினா வந்தபோது கச்சா எண்ணெய் பீப்பாய் 70 டாலரைத் தாண்டியது. கடலில் உற்பத்தி நின்றது, விலை ஏறியது, சரி. ஆனால் 2017 ஆகஸ்டில் ஹார்வி டெக்சாஸைப் புரட்டி எடுத்த நாட்களில் அமெரிக்கக் கச்சா விலை இறங்கியிருக்கிறது. அதே நேரம் பெட்ரோல் விலை மட்டும் எகிறியிருக்கிறது. இது எப்படி?

இன்னொரு சந்தேகம். புயல் போன மறுநாளே ஆளை அனுப்பிக் கிணறுகளைத் திறந்துவிட முடியாதா? ஏன் வாரக்கணக்கில் இழுக்கிறது? சுரங்கங்களுக்கும் இதே கதைதானா?

லஃபாயெட் ராசு எழுதியது:

தம்பி, நான் அமெரிக்காவில் லூசியானா பக்கம், எண்ணெய் எடுக்கிற கடல் மேடைகளில் இன்ஸ்ட்ருமென்ட் டெக்னீஷியனாக வேலை பார்த்தவன். பொருளாதாரம் எனக்குத் தெரியாது. எது எங்கே அடைபடும் என்று தெரியும். உங்கள் கேள்விக்கு அது போதும்.

கிணற்றில் வருவது கச்சா. அதை வாங்குகிறவன் யார்? சுத்திகரிப்பு ஆலை. கத்ரினா கடல் மேடைகள் நெருக்கமாக இருந்த பகுதி வழியாகவே வந்தது. வளைகுடாவின் எண்ணெய் உற்பத்தியில் 90 சதவீதத்துக்கு மேல் நின்றுபோனது. ஆலைகளும் மூடின, ஆனால் விற்க வேண்டிய சரக்கே குறைந்துவிட்டதால் கச்சாவும் ஏறியது, பெட்ரோலும் ஏறியது. சர்வதேச எரிசக்தி முகமை தன் உறுப்பு நாடுகளின் கையிருப்பிலிருந்து 6 கோடி பீப்பாய் எடுத்துவிட வேண்டியிருந்தது.

ஹார்வி வேறு ரகம். கடலில் நின்றது கால்வாசி உற்பத்திதான். கரையேறிய பிறகு நகராமல் டெக்சாஸ் மேலேயே உட்கார்ந்துகொண்டு கொட்டியது. நெடர்லாந்து என்ற ஊரில் மொத்தம் 60 அங்குலத்துக்கு மேல் மழை. பக்கத்தில் போர்ட் ஆர்தரில் இருப்பது மோட்டிவா ஆலை, நாளொன்றுக்குச் சுமார் 6 லட்சம் பீப்பாய் காய்ச்சுகிற, அப்போது அமெரிக்காவிலேயே பெரிய ஆலை. அதுவே தண்ணீரில் நின்றது. இப்படி நாட்டின் சுத்திகரிப்புத் திறனில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு முடங்கியது. கிணற்றில் எண்ணெய் இருக்கிறது, வாங்க ஆளில்லை. கச்சா இறங்காமல் என்ன செய்யும்? பெட்ரோல் காய்ச்ச ஆலை இல்லை, அது ஏறியது. "புயல் வந்தால் எண்ணெய் விலை ஏறும்" என்று டிவியில் பொத்தாம்பொதுவாகச் சொல்வார்கள். எந்த எண்ணெய் என்று கேட்க வேண்டும்.

இரண்டாவது சந்தேகத்துக்கு வருகிறேன். ஸ்விட்ச் போடுகிற வேலை இல்லை தம்பி அது. புயல் வரப்போகிறது என்றால் முதலில் அவசியமில்லாத ஆட்களை ஹெலிகாப்டரில் கரைக்கு அனுப்புவார்கள். தோண்டுகிற ரிக் என்றால் துரப்பணக் குழாய்களை மேலே இழுத்துக் கிணற்றை அடைக்க வேண்டும். ஆழ்கடலில் இன்னொரு தலைவலி உண்டு. கடலடியில் குளிர் அதிகம். ஓட்டம் நின்ற குழாயில் வாயுவும் தண்ணீரும் சேர்ந்து பனிக்கட்டி மாதிரி உறைந்து அடைத்துக்கொள்ளும். ஹைட்ரேட் என்போம். அது ஒரு தடவை பிடித்துவிட்டால் எடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். அதனால் உறையாமல் இருக்க மெத்தனால் ஏற்றுவது, குழாயில் இருப்பதை வெளியேற்றி டீசலை நிரப்புவது எல்லாம் கிளம்புவதற்கு முன்பே முடிய வேண்டும். கடைசியாகக் கிளம்புகிறவர்கள் கிணறுகளின் பாதுகாப்பு வால்வுகளை மூடி, தளத்தில் கிடக்கும் சாரப் பலகை, குப்பைத் தொட்டி வரை சங்கிலி போட்டுக் கட்டிவிட்டு ஏறுவோம்.

திரும்பிப் போவது அதைவிட மெதுவாக நடக்கும். முதலில் ஹெலிகாப்டரில் சுற்றிப் பார்த்துப் புகைப்படம் எடுப்பார்கள். இறங்கும் தளத்தில் வலை கிழிந்திருக்கிறதா, படிக்கட்டு இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் ஆள் இறங்கும். முதல் வேலை ஜெனரேட்டர். கரண்ட் இல்லாமல் எந்த சென்சாரும் உயிரோடு இருக்காது, சென்சார் சொல்லாமல் வால்வைத் திறக்க யாருக்கும் துணிச்சல் வராது. இதற்கு நடுவே சமையலறை. ஆள் இல்லாத நாட்களில் கரண்ட் போய், உறைபெட்டியில் இருந்த இறைச்சி எல்லாம் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அந்தக் கதவைத் திறப்பது யார் என்று சீட்டுக் குலுக்கிப் போடுவோம்.

மேடை சரியாக இருந்தாலும் குழாய் சரியாக இருக்க வேண்டும். 2005இல் கத்ரினாவும் அடுத்த மாதம் வந்த ரீட்டாவும் நூற்றுக்கும் மேற்பட்ட மேடைகளை அழித்தன. பெரும்பாலும் பழைய, தளம் தாழ்ந்த மேடைகள். அலை தளத்திலேயே மோதினால் கால்கள் தாங்காது. ஆனால் நாள்கணக்கைக் கூட்டியது குழாய்கள்தான். கட்டறுந்து மிதந்த ரிக்குகள் நங்கூரத்தை இழுத்துக்கொண்டே போய் கடலடிக் குழாய்களைக் கிழித்தன. அதற்கு முந்தைய வருடம் ஐவன் புயலில் மிசிசிப்பி முகத்துவாரத்தில் கடலடி மண்ணே சரிந்தது. டெய்லர் எனர்ஜி என்ற கம்பெனியின் மேடை ஒன்று கவிழ்ந்து, கிணறுகள் சேற்றுக்குள் புதைந்தன. எண்ணெய் கசிந்துகொண்டே இருந்தது. அதைப் பிடிக்கிற அமைப்பு வேலைக்கு வந்தது 2019இல். 15 வருடம் கசிவு! இது விலை வரைபடத்தில் எங்கும் தெரியாது. உங்கள் செமினாரில் இதையும் போடுங்கள்.

வைகைக்கரையான் எழுதியது:

ராசு அண்ணே, மிக்க நன்றி. கச்சா வேறு, பெட்ரோல் வேறு என்று பிரித்ததும் பாதி தெளிந்துவிட்டது. 2021இல் ஐடா புயலிலும் வளைகுடா எண்ணெய் உற்பத்தியில் 95 சதவீதம் நின்றது என்று படித்தேன். அப்போது கத்ரினா அளவுக்குப் பீதி இல்லையே, ஏன்?

நெய்வேலிக்காரன் எழுதியது:

ஐடாவை ராசு பார்த்துக்கொள்வார். சுரங்கம் பற்றிக் கேட்டீர்களே, அதற்கு நான் வருகிறேன். சொந்த ஊர் நெய்வேலி, இப்போது பிழைப்பு ஆஸ்திரேலியாவில், குயின்ஸ்லாந்து நிலக்கரியில்.

2017 மார்ச் 28 அன்று டெபி புயல் ஏர்லி பீச் அருகே கரையேறியது. சுரங்கங்கள் உள்ளே தள்ளி இருப்பதால் காற்று பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. அடி விழுந்தது ரயிலில். கரியைத் துறைமுகத்துக்கு இறக்கும் கூனியெல்லா தடத்தில், பிளாக் மவுண்டன் இறக்கத்தில் மண் சரிந்து பாதையை மூடிவிட்டது. சீராக வாரங்கள் ஆயின. சுரங்கத்தில் கரி மலையாகக் குவிந்திருக்கிறது, துறைமுகத்துக்கு வெளியே கப்பல்கள் காத்து நிற்கின்றன, நடுவில் ரயில் இல்லை. இரும்பு உருக்குகிற கோக்கிங் கரி டன்னுக்குச் சுமார் 150 டாலரிலிருந்து 300ஐத் தாண்டியது. நம் நாட்டு எஃகு ஆலைகள் இந்தக் கரியைப் பெரும்பாலும் இங்கிருந்துதான் வாங்குகின்றன, ஆகவே அங்கேயும் வலித்தது.

குழிக்குள் தேங்கும் மழைநீர் தனிக் கதை. அது உப்பேறிய தண்ணீர். பம்ப் போட்டு ஓடையில் இஷ்டத்துக்கு விட முடியாது. எவ்வளவு உப்பு, ஓடையில் எவ்வளவு ஓட்டம் என்று அளந்து, உரிமத்தில் சொன்ன அளவுக்குள்தான் விட வேண்டும். மழை விட்டு மாதங்கள் கழித்தும் அடிமட்டக் கரியைத் தொட முடியாமல் நின்ற குழிகளைப் பார்த்திருக்கிறேன்.

எண்ணெய், கரி மட்டும் இல்லை. 2024 செப்டம்பரில் ஹெலீன் புயல் வட கரோலினா மலைக்குள் புகுந்தபோது ஸ்புரூஸ் பைன் என்கிற சின்ன ஊரில் குவார்ட்ஸ் சுரங்கங்கள் நின்றன. சிப்புக்கும் சோலார் தகட்டுக்கும் சிலிக்கானை உருக்கும் மூசைகள் செய்ய வேண்டிய மிகத் தூய குவார்ட்ஸ் உலகத்துக்குப் பெரும்பகுதி அங்கிருந்துதான் போகிறது. சுமார் இரண்டு வாரத்தில் மறுபடி ஓட்டத் தொடங்கிவிட்டார்கள். ஆலைகளிடம் கையிருப்பும் இருந்தது, அதனால் தப்பித்தோம்.

லஃபாயெட் ராசு எழுதியது:

நெய்வேலிக்காரர் ரயில் பற்றிச் சொன்னது நூற்றுக்கு நூறு. ஹார்வியில் ஹூஸ்டன் பக்கம் பாரிஷ் மின்நிலையத்தில் குவித்து வைத்திருந்த கரி மழையில் ஊறிச் சேறாகி, கன்வேயரில் ஏற மறுத்தது. அங்கே சில யூனிட்டுகளை இயற்கை எரிவாயுவுக்கு மாற்றினார்கள்.

ஐடாவுக்கு வருகிறேன் தம்பி. 2005இல் அமெரிக்கக் கச்சாவில் வளைகுடாவின் பங்கு கால்வாசிக்கும் மேல். 2021க்குள் டெக்சாஸ் ஷேல் எண்ணெய் (நிலத்தடிப் பாறையை உடைத்து எடுப்பது) பெருகியதால் அது 15 சதவீத அளவுக்கு இறங்கியிருந்தது. அதே 95 சதவீதம் நின்றாலும் மொத்தத்தில் ஓட்டை சிறியது.

ஆனால் உள்ளூரில் ஐடா பொல்லாதது. கடல் மேடைகளுக்குச் சரக்கும் படகும் போகிற போர்ட் ஃபூஷானிலேயே கரையேறியது. நியூ ஆர்லியன்ஸுக்கு மின்சாரம் கொண்டுவந்த எட்டு உயரழுத்தத் தடங்களும் போயின. மிசிசிப்பி ஆற்றங்கரையில் ஒரு மின்கோபுரம் முறுக்கிக்கொண்டு விழுந்தது. ஆலைக்குள் சேதம் இல்லாத இடத்திலும் வெளியிலிருந்து கரண்ட் இல்லாமல் அடுப்பு பற்றவில்லை. கத்ரினாவிலும் இதே கதைதான். வளைகுடாவிலிருந்து பெட்ரோல் கொண்டுபோகிற கலோனியல் குழாய்க்கு அடி இல்லை, பம்ப் நிலையங்களுக்குக் கரண்ட் இல்லை, கிழக்கு மாநிலங்களுக்கு பெட்ரோல் போவது தடைபட்டது. ஐடாவில் பெல் சாஸ் ஊருக்குப் பக்கத்தில் இருந்த அலையன்ஸ் ஆலைக்குள் வெள்ளம் புகுந்தது, மறுபடி காய்ச்சவே இல்லை, சேமிப்பு முனையமாக மாற்றிவிட்டார்கள்.

இன்னொன்றும் உண்டு. மேடையில் ஒரு போல்ட் கழலவில்லை, ஆனால் அதை ஓட்டுகிற ஆபரேட்டர் வீட்டுக்குக் கூரை இல்லை. என்னோடு வேலை பார்த்த, ஐடா அடித்த லஃபூர்ஷ் பகுதிக்காரர்கள் பலர் பகலில் தார்ப்பாய் கட்டிவிட்டு ராத்திரி ஜெனரேட்டருக்குப் பெட்ரோல் தேடி அலைந்தார்கள். அவர்களை ஹெலிகாப்டர் ஏறு என்று யார் சொல்வது?

வரைபடம் போடும்போது கச்சாவையும் பெட்ரோலையும் ஒரே கோட்டில் போடாதீர்கள். கடலில் எத்தனை சதவீதம் நின்றது என்று கடல் எண்ணெய்த் தொழிலின் பாதுகாப்பைக் கவனிக்கிற அமெரிக்க அரசின் பிஎஸ்இஇ (BSEE) அமைப்பு புயல் நாட்களில் தினமும் வெளியிடும். அதைப் பக்கத்தில் வையுங்கள். ஆலைகள் வாரவாரம் எவ்வளவு ஓடின என்பதை அமெரிக்க எரிசக்தித் தகவல் நிர்வாகத்தின் (EIA) வாராந்திரக் கணக்கில் தேடுங்கள். மாட்டிக்கொண்டால் இங்கேயே கேளுங்கள், இரவு ஷிப்ட் முடிந்து வந்து பார்க்கிறேன்.